மாரியாயிக்கு ஒரு மீசை

கொரோனா வந்தபோது குண்டனி நாட்டில் எல்லோரும் மாஸ்க் போட்டார்கள். நாடு என்றால் பெரிதாக நினைக்கவேண்டாம், கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. கொரோனா போனதும் எல்லோரும் கழற்றி எறிந்தார்கள். ஒருத்தி மட்டும் கழற்றவில்லை. அவள் பூங்குழலி.

மிளகு பறிக்கும்போதும் மாஸ்க், மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும்போதும் மாஸ்க். சோறு தின்னும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கேட்டவர்களிடம் "தூசி அலர்ஜிங்க" என்பாள். கொல்லிமலைக் காற்றில் தூசி எங்கே இருக்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நோய் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், நம் ஊரில் வைத்தியருக்கா பஞ்சம்? ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். மாமியார் மாதம்மாள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் செய்தாள். ஆடாதோடைக் கசாயம், தூதுவளைச் சாறு, வேப்பங்கொழுந்து உருண்டை என்று இல்லாத நோய்க்கு வருஷக்கணக்கில் கசப்பாகக் குடித்துத் தீர்த்தாள் பூங்குழலி. அந்த வருஷங்களில் அவளுக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

விஷயம் அலர்ஜி இல்லை. மீசை.

பூனை முடி என்று தள்ளிவிடக்கூடிய மீசையும் இல்லை. மேலுதட்டின் இரண்டு ஓரத்திலும் கருகருவென்று இருந்தது. தாவாக்கட்டையில் தனியாக ஒரு கூட்டம், தொட்டால் குத்தும். பேர் வைத்த நேரமோ என்னவோ, தலையில் அவளுக்குக் கூந்தல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. அதோடு நின்றிருந்தால் யார் வேண்டாம் என்றார்கள்?

அவளும் சும்மா இருக்கவில்லை. கஸ்தூரி மஞ்சள் பூசினாள், முகம் மஞ்சளாயிற்று. குப்பைமேனி அரைத்துப் பூசினாள், முகம் பச்சையாயிற்று. முடி மட்டும் தன் நிறத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் புருஷன் வேல்முருகனின் சவரக் கத்தியை எடுத்து, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு வழிக்க ஆரம்பித்தாள். காலையில் வழித்தால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் சொரசொரவென்று வந்து நிற்கும். வழிக்க வழிக்கத் தடிப்பாக வளரும் என்று யாரோ எப்போதோ சொன்னதும் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

வேல்முருகனைப் பற்றியும் சொல்லவேண்டும். முப்பது வயதுக்குள் தலை முழுவதும் காலி. காதோரம்கூட மிச்சமில்லை. ஆனால் மீசை! தலையில் விட்டதையெல்லாம் மூக்குக்குக் கீழே பிடித்துவிட்டான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். தினமும் எண்ணெய் தொட்டு முறுக்குவான். மிளகுக்கொடி ஏற ஏணி வைக்கும்போதுகூட முதலில் மீசையைத் தடவிக்கொண்டுதான் ஏறுவான். மற்றபடி பரம சாது. பொய் சொல்லத் தெரியாது. சொன்னால் காது மடல் சிவந்துபோகும்.

ஒருநாள் அவன் கத்தியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தான்.

"ஏன் புள்ள, இந்தப் பிளேடு இப்பிடி மழுங்கிக் கெடக்குது? கெழங்குத் தோலு சீவுனியா?"

பூங்குழலிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மாஸ்க்கைக் கழற்றிக் காட்டினாள். கல்யாணமாகி ஏழெட்டு வருஷத்தில் அவன் கவனிக்காமலா இருந்திருப்பான்? இருந்தும் முதல்முறை பார்ப்பவன்போல நிதானமாகப் பார்த்தான். பிறகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"இதுக்குப் போயி அழுவாங்களா? எனக்கு இருக்கோணும்கிற எடத்துல இல்ல, உனக்கு வேண்டாங்கற எடத்துல இருக்குது. ஊட்டுக் கணக்குக்குச் சரியாப்போச்சு உடு."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் நிற்கவில்லை. "ஆசுபத்திரிக்குப் போலாமுங்க. ஆனா ஊருல ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது. அத்தைக்குக்கூடச் சொல்லப்படாது. தெரிஞ்சுதுன்னா நான் இந்த நாட்டுலயே இருக்க மாட்டேன், பாத்துக்குங்க."

அது வெறும் மிரட்டல் இல்லை. அவள் பிறந்த பைல் நாட்டில் மீசைக்காரி காடு என்று ஒரு புன்செய்க் காடு இருக்கிறது. அதை உழுத பொம்பளைக்கு மேலுதட்டில் நாலு முடி இருந்ததாம். அவள் செத்து மண்ணாகி, பிள்ளைகள் காட்டை விற்று, வாங்கினவன் வேறொருத்தனுக்கு விற்று, எல்லாம் ஆயிற்று. அவள் பேர் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. காட்டின் பேர் மட்டும் மாறவில்லை. தன் மிளகுத் தோட்டத்துக்கும் அந்தக் கதி வந்துவிடுமோ என்றுதான் பூங்குழலிக்கு ராத்தூக்கம் கெட்டது.

அலர்ஜி டாக்டரைப் பார்க்கப் போவதாக மாமியாரிடம் சொல்லிவிட்டு இருவரும் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினார்கள். மலையிலிருந்து கீழே போக வேண்டுமானால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டவேண்டும். முடி விஷயமாகப் போகிறவளுக்குக் கொண்டை ஊசியா குறுக்கே வரவேண்டும் என்று அவள் மனதுக்குள் நொந்துகொண்டாள். பாதி வளைவுகளில் வாந்தி எடுத்தாள்.

தோல் டாக்டர் வனிதா மாஸ்க்கை எடுக்கச் சொன்னார். பூங்குழலி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். டாக்டர் பதறவில்லை, சிரிக்கவில்லை. "மாசாமாசம் சரியா வருதாம்மா?" என்றுதான் கேட்டார். சரியாக வருவதில்லை என்றாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் நீர்க்கட்டி என்று வந்தது.

"உங்க தப்பு ஒண்ணும் இல்லம்மா. ஆம்பளைங்களுக்கு நிறையச் சுரக்கிற ஹார்மோன் பொம்பளைங்களுக்கும் கொஞ்சம் சுரக்கும். உங்களுக்கு அது கூடிப்போச்சு, அவ்வளவுதான். இங்க வர்றவங்கள்ல பாதிப்பேருக்கு இதுதான்" என்றார்.

பாதிப்பேர் என்ற சொல் பூங்குழலியின் காதில் விழுந்தது. ஆனால் நம்பிக்கை வரவில்லை.

"வழிச்சா தடிச்சு வளருமாங்களே, டாக்டரம்மா?"

"சும்மா பேச்சு. வழிச்ச முடிக்கு நுனி மொட்டையா இருக்கும், அதான் தடிப்பாத் தெரியுது. வழிக்கிறதுல தப்பே இல்ல. பார்லர்ல நூல் போட்டு எடுக்கலாம். க்ரீம் தடவி எடுக்கலாம், சிலருக்கு எரியும். ஒவ்வொரு வேரா ஊசி விட்டுக் கரண்ட்ல கருக்கலாம், ஆனா நாளாகும். உங்க முடி நல்ல கறுப்பு, அதனால லேசர் வெச்சாக் கேட்கும். கூடவே நான் தர்ற மாத்திரையச் சாப்பிடணும். உடம்பு எடையும் கொஞ்சம் குறையணும்."

இதுவரை ஓரமாய் நின்ற வேல்முருகன் பதறிப்போய் முன்னால் வந்தான். "அவ்வளவு தூரத்துலருந்து வாரோமுங்க. லேசா வெச்சு உட்டுறாதீங்க, நல்லா அழுத்தியே வெச்சுருங்க."

டாக்டர் சிரித்து முடிக்கச் சற்று நேரமாயிற்று. லேசர் என்பது ஒரு வெளிச்சம் என்று விளக்கினார். ஒரே நாளில் போகாது, மாதம் ஒருமுறை வரவேண்டும், நடுவில் வழிக்கலாம், பிடுங்கக்கூடாது என்றார். அத்தனையும் முடிந்த பிறகும் நாலு முடி எப்போதாவது எட்டிப் பார்க்கும், அதற்கும் வந்துபோக வேண்டியிருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னார்.

கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பூங்குழலியைப் படுக்க வைத்தார்கள். ரப்பர் பேண்டை இழுத்து விட்டதுபோல் சுள் சுள்ளென்றது. கோழியைத் தீயில் வாட்டும் வாசம் வந்தது. அது தன் மீசைதான் என்று தெரிந்தபோது அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

கதவுக்கு வெளியே நின்ற வேல்முருகனுக்கும் அந்த வாசம் வந்தது. பொண்டாட்டி எரிகிறாளோ என்று பயந்துபோனான். பயந்த நேரத்தில் மனுஷன் என்ன செய்வான்? குலசாமியைக் கூப்பிட்டான். "மாரியாயி, அவளுக்கு ஒண்ணும் ஆவப்படாது. மொகத்து முடி நல்லபடியாப் போச்சுன்னா உனக்கு முடி எறக்குறேன்." எல்லோரும் வேண்டிக்கொள்வது அதுதானே, வாயில் வந்துவிட்டது. தன் தலையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு வேண்டியிருக்கலாம். அதைச் செய்யவில்லை.

மாதங்கள் போயின. மீசை வெளுத்தது, மெலிந்தது, ஒருநாள் காணாமலும் போயிற்று. தாவாக்கட்டையும் வழுவழுவென்றாயிற்று. பூங்குழலி கண்ணாடியை விட்டு நகரவே மாட்டாள். ஆனாலும் வெளியே மாஸ்க்தான். சட்டென்று கழற்றினால் கேள்வி வரும், நோம்பித் திருவிழா முடிந்ததும் அலர்ஜி சரியாகிவிட்டது என்று சொல்லிக் கழற்றிக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டிருந்தாள்.

அந்த வருஷம் பார்த்து மிளகுக்கொடி வாடிற்று. அடுத்து மாடு காலை நொண்டியது. மாதம்மாள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள்.

"ஊட்டுல எதோ வேண்டுதலு நெலுவையில நிக்குது. ஆருடா வேண்டுனது?"

நான் இல்லை என்ற வேல்முருகனின் காது மடல் சிவந்தது. இதற்குமேல் சாட்சி எதற்கு? முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன் என்பதுவரை ஒப்புக்கொண்டான். எதற்காக என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

"முடியா? உன்ற தலையில ஏதுடா முடி?" என்று மாதம்மாள் அவனை இழுத்துக்கொண்டு பூசாரி குழந்தைசாமியிடம் போனாள். பூங்குழலியும் பின்னாலேயே ஓடினாள். குழந்தைசாமி சட்டம் பேசுகிற ஆள். வேண்டுதல் விஷயத்தில் மாரியாயி விட்டாலும் அவர் விடமாட்டார்.

மாதம்மாள் ஒரு வழி சொன்னாள். "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்களே. மருமவ எறக்கட்டும். அவளுக்குத்தான் எடுக்க எடுக்கக் கொறையாம இருக்குது."

பூங்குழலி இரண்டு கையாலும் கொண்டையைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை, பூசாரி ஆகாது என்று தலையை ஆட்டினார். "வேண்டுனவன்தான் எறக்கோணும். முடின்னுதானே சொன்னே, தலமுடின்னு சொல்லலியே? மாரியாயிக்கு அந்தப் பாகுபாடெல்லாம் இல்ல. உனக்கு எங்க முடி இருக்குதோ, அத எறக்கு."

மூன்று பேரும் வேல்முருகனின் மீசையைப் பார்த்தார்கள். அவன் அதைக் கையால் மூடிக்கொண்டான்.

மீசை போவதுகூடப் பெரிதில்லை. பூங்குழலியின் கவலை வேறு. அந்த நாட்டு வழக்கப்படி வேண்டுதலை நோம்பியன்று எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லித்தான் செலுத்தவேண்டும். இன்னதுக்கு வேண்டினேன், இன்னது தருகிறேன் என்று சொல்லவேண்டும். கூடியிருக்கிற சனம் "கேட்டோம்" என்று சொல்லவேண்டும். சனம் கேட்காத வேண்டுதல் சாமிக்கும் கேட்காது, கடன் கழியாது.

"வேண்டுனதுதான் வேண்டுனீங்க, ஒரு கோழின்னு வேண்டியிருக்கப்படாதா?" என்று வாடின மிளகுக்கொடிக்கு அடியில் நின்று அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப கோழி வாசந்தான் புள்ள வந்துச்சு. ஆனா வாயில முடின்னு வந்துருச்சு."

பொய் ஒன்று தயார் செய்தாள். காணாமல் போன ஆடு திரும்பி வந்ததற்காக வேண்டிக்கொண்டேன் என்று சொல்லவேண்டியது. வேல்முருகன் நடந்தும் உட்கார்ந்தும் மனப்பாடம் செய்தான். சாமி முன்னால் பொய் சொல்வது பாவம் இல்லையா என்று கேட்டான். பாவம் எனக்கு, நீங்கள் சொன்னால் போதும் என்றாள்.

மாரியாயி நோம்பிக்குச் சுற்றிலும் உள்ள நாடுகளிலிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. எடப்புளி நாட்டிலிருந்து ஒரு லாரியே வந்தது. பழைய வேண்டுதலைச் செலுத்துகிறவர்களும் புதிதாக வேண்டுகிறவர்களும் நின்ற வரிசையில் வேல்முருகனுக்கு முன்னால் தமிழ்செல்வன் நின்றான். முறை வந்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அவன் சொன்னது இது.

"போன மாசம் என்ற ஆடு ஒண்ணு காணாமப்போச்சு, ஆத்தா. எவனோ ஓட்டிக்கிட்டுப் போயிட்டான். அவன் இந்தக் கூட்டத்துலதான் நிக்கறான்னு எனக்குத் தெரியும். அவனக் காட்டிக் குடுத்தீன்னா உனக்கு ஒரு கெடா வெட்டறேன்!"

"கேட்டோம்!" என்றது சனம்.

பெண்கள் பக்கம் நின்ற பூங்குழலிக்கு உயிரே போய்விட்டது. அடுத்து நிற்கிறவன் ஆடு வந்தது என்று சொன்னால் உரிப்பது ஆட்டை இல்லை, இவனை. வேல்முருகனுக்கும் அது புரிந்துவிட்டது. வழுக்கையெல்லாம் வேர்வை. திரும்பி அவளைத் தேடினான். அவன் பார்த்த பார்வையிலேயே உண்மையைச் சொல்லிவிடப்போகிறான் என்று அவளுக்கு உறுதியாயிற்று.

"சொல்லு வேலு. எதுக்கு வேண்டுன?" என்றார் பூசாரி.

"மூலமுங்க" என்றான் வேல்முருகன்.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கு மூலமுங்க. ரொம்ப நாளாவே. உக்கார முடியாது, எந்திரிக்க முடியாது. இப்ப மாரியாயி புண்ணியத்துல நல்லாப் போயிருச்சு. அதுக்குத்தான் மீசை."

சிரிப்பு வெடித்தது. "மூலம் இருந்தது எங்க, மீசை இருக்கறது எங்கடா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்புக்கு நடுவிலேயே "கேட்டோம், கேட்டோம்" என்றார்கள். வேல்முருகன் தலையைக் குனிந்துகொண்டு நாவிதர் கருப்பண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தான். "பாத்து உக்காரு மாப்ள!" என்று இன்னொரு குரல். மறுபடியும் சிரிப்பு. கருப்பண்ணன் தண்ணீர் தடவி, கத்தியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். பாதி மீசை வாழையிலையில் விழுந்தது.

பூங்குழலி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் எண்ணெய் தொட்டு முறுக்கின மீசை. பாதி முகம் மொழுக்கென்று, பாதி முகம் பழையபடி. கூட்டம் முழுவதும் சிரிக்க, அவன் மட்டும் எதுவும் நடக்காததுபோல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் மட்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அவளுக்காக ஊர் முன்னால், சாமி முன்னால், தன் பின்பக்கத்தை வைத்துப் பொய் சொல்லியிருக்கிறான். அவளுக்கு அவன்மேல் அப்படியொரு பாசம் பொங்கியது. சிரிக்கிறவர்கள்மேல் அதே அளவு கோபமும் வந்தது.

மாஸ்க்கைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சித்த நிறுத்துங்க! அவருக்கு மூலமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மீசை இருந்தது எனக்கு. தாடியும் இருந்துச்சு. அலர்ஜின்னு சொன்னதெல்லாம் பொய்யிங்க. நாமக்கல்லுல போயி லேசர் வெச்சுக்கிட்டேன், மாத்திர சாப்பிடறேன், இன்னமும் வந்தா இன்னமும் போவேன். எனக்கு ஒண்ணும் ஆவப்படாதுன்னுதான் அவரு முடி எறக்கறதா வேண்டுனாரு. ஆத்தா, நீ கேட்டுக்க. எல்லாரும் கேட்டுக்குங்க."

சிரிப்பு நின்றுபோயிற்று. ஒருவரும் "கேட்டோம்" என்று சொல்லவில்லை. அத்தனை கண்ணும் அவள் மேலுதட்டில் நின்றது. மீசைக்காரி தோட்டம் என்று அவள் மிளகுத் தோட்டத்துக்குப் பேர் வைத்தாயிற்று என்றே நினைத்தாள்.

"கேட்டோம்!"

பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு குரல், உடைந்த பானையைத் தட்டினது போல. மாதம்மாள். அவள் அதோடு விடவில்லை, சுற்றிலும் திரும்பிப் பார்த்தாள். "என்னங்கடி, வாயில கொழுக்கட்டையா? மூலத்தக் கேக்கத் தெரிஞ்சுதல்ல, மீசையக் கேக்கத் தெரியாதா? சொல்லுங்கடி!"

"கேட்டோம்" என்றாள் ஒருத்தி. "கேட்டோம்" என்றார்கள் நாலு பேர். பிறகு பெண்கள் பக்கம் மொத்தமும் சொன்னது. ஆண்கள் பக்கம் கடைசியாக, சற்று வெட்கத்தோடு சொன்னது.

கருப்பண்ணன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பூசாரியைப் பார்த்தார். "மீதிப் பாதிய என்ன பண்ணறதுங்க?"

"எறக்கு. அரைக் கடன் அடச்சாக் கணக்காவாது" என்றார் குழந்தைசாமி.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. உப்பு வேண்டும் என்று ஒருத்தி வந்தாள், வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள். இன்னொருத்தி மாட்டுக்கு மருந்து கேட்க வந்தாள். மூன்றாவது ஒருத்தி எதுவும் கேட்காமல் முந்தானையால் தாடையைத் துடைத்துக்கொண்டே, "வலிக்குமாக்கா?" என்றாள். எல்லோருக்கும் பூங்குழலி பதில் சொன்னாள். வழித்தால் தடிக்காது என்றாள், பிடுங்காதே என்றாள், முதலில் ஸ்கேன் எடு என்றாள்.

வாசலில் வேல்முருகனுக்கு வேறு தொல்லை. ஆண்கள் ஒவ்வொருவராக வந்து தோளில் கைபோட்டு ஓரமாய்த் தள்ளிக்கொண்டு போனார்கள். "எந்த டாக்டரு மாப்ள?"

"எனக்கு மூலமே இல்லீங்க மாமா. அதான் அவளே சொல்லிட்டாளே."

"பொண்டாட்டி அப்பிடித்தான் உட்டுக்குடுக்காமச் சொல்லுவா. வெக்கப்படாத, சும்மா சொல்லு."

சந்தடி அடங்கினபின் மாதம்மாள் அடுப்படிக்கு வந்தாள். எரிகிற விறகை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தாள்.

"ஏன் கண்ணு, அந்த வெளிச்சம் வெள்ள முடிக்குக் கேக்குமா?"

பூங்குழலி திரும்பிப் பார்த்தாள். மாமியாரின் தாவாக்கட்டையை இத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பார்த்தாள். கோழி கூவுமுன் எழுந்து நகத்தாலேயே பிடுங்கிப் பிடுங்கி, அங்கே தோல் தழும்பேறிக் கிடந்தது. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அவளுக்குத் தெரியாமல் இவளும், இவளுக்குத் தெரியாமல் அவளும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். பூங்குழலி மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வெள்ளைக்கு லேசர் கேக்காதுங்கத்த. வேர் வேரா ஊசி விட்டுக் கரண்ட் வெக்கறதுன்னு ஒண்ணு இருக்குது. வாங்க, டாக்டரம்மாகிட்டவே கேட்டுருவோம்."

அடுத்த மாதம் காலை பஸ்ஸில் பெண்கள் பக்கத்து இருக்கைகள் எல்லாம் நிறைந்துவிட்டன. மாதம்மாள் ஜன்னலோரம் பிடித்தாள். உப்பு கேட்டவள், மாட்டு மருந்து கேட்டவள், ஒன்றும் கேட்காதவள், அவர்கள் தங்கைகள், கொழுந்தியாள்கள் எல்லோரும் பூ வைத்துக்கொண்டு நல்ல சேலையில் வந்திருந்தார்கள்.

கண்டக்டர் கீழ்நாட்டுக்காரர், புதிதாக மலைக்கு வந்தவர். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகமாகிவிட்டது. "ஏனுங்க, என்ன விசேஷம்? கல்யாணமா, வளைகாப்பா?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு முந்தானையை இழுத்து வாயை மூடினார்கள். பூங்குழலி மட்டும் எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"மீசை எடுக்கப் போறோமுங்க."

கண்டக்டரின் கை தன்னையறியாமல் மூக்குக்குக் கீழே போனது. "ஆருதுங்க?" என்றார்.

"எங்களுதுதானுங்க. உங்களுது பத்திரமா இருக்கட்டும், விசிலடிங்க."